உன் பிடரியைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

அப்பு,

நீ என் போனை எடுக்காமல் ஒன்பது நாளாகிறது. அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய் என்று எனக்குத் தெரியும். நான் வீட்டுக்குள் நுழைந்தால் அவள் போனைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறாள். "யாரு?" என்று கேட்டால் "கேஸ் சிலிண்டர்காரன்" என்கிறாள். ஒரே வாரத்தில் எந்தக் கேஸ்காரன் நாலு தடவை கூப்பிடுவான்? நானும் நம்பியவன்போல் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை, கடை லீவு. அம்மா உன் கல்யாணப் பத்திரிகையோடு நத்தத்தில் இருக்கும் உன் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள், நாளைக்குத்தான் வருவாள். உன்னுடைய பாலிடெக்னிக் நோட்டு ஒன்றில் எழுதாத பக்கங்கள் நிறைய இருந்தன. அதைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முப்பது வருடம் கத்திரியும் சீப்பும் பிடித்த கைக்குப் பேனா அடங்க மாட்டேன் என்கிறது. எழுத்து கோணிக்கொண்டு போனாலும் கடைசிவரை படித்துவிடு. கோபம் இருந்தால் இருக்கட்டும். கோபத்தோடேயே படி.

முதலில் அன்றைக்குக் கடையில் நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, பெஞ்சு நிறைய ஆள். ஓசூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாய். எத்தனை பேர் காத்திருந்தாலும் மகனுக்கு முதல் நாற்காலி என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. துணியைப் போர்த்தி, உன் தலையைக் குனிய வைத்து, பிடரியில் மெஷினை வைத்தேன். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. போன தீபாவளிக்கு வந்தபோது ஒரு விரல் அகலத்துக்கு இருந்த கறுப்பு, இப்போது காதிலிருந்து காதுவரை மூன்று விரல் அகலத்துக்குப் பட்டையாக ஓடியிருந்தது. வெயிலில் கறுத்த தோல் இப்படி இருக்காது. தடித்து, மடிப்பு மடிப்பாக, தொட்டால் வெல்வெட்டுத் துணியைத் தொட்டதுபோல் இருந்தது. கழுத்தோரத்தில் சின்னச் சின்னதாய்ப் பாலுண்ணி வேறு. நீயோ கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அப்பா, அடுத்த வாரம் போட்டோ ஷூட் இருக்கு. கழுத்துக்கு மட்டும் பிளீச் போட்டு விடுங்க. அந்தக் கறுப்பு செத்த மங்கட்டும்."

"அது பிளீச்சுக்குப் போகாதுடா" என்றேன். "ஊருக்கெல்லாம் போடுறீங்க, எனக்குப் போட மாட்டீங்களா?" என்று கேட்டாய். அதற்கு மேல் நான் பேசிய விதம்தான் தப்பு. உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மெஷினை நிறுத்திவிட்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பிளீச்சு கெடக்கட்டும், மொதல்ல போயிச் சுகர் டெஸ்ட் எடு!" என்று கத்தினேன். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்தார்கள். அதில் ஒருவர் வத்தலக்குண்டுக்காரர், நீ கட்டப்போகிற கௌசல்யாவுக்குச் சித்தப்பா முறை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவே இல்லை. நீ துணியை உருவி என் கையில் திணித்தாய். "ஊர்ல உள்ளவன் கழுத்தையெல்லாம் வெளுக்க வச்சீங்க. பெத்த மகனை நாலு பேர் முன்னாடி நோயாளி ஆக்கிட்டீங்கள்ல?" என்றாய். ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும் இருந்த தலையோடு இறங்கிப் போனாய். அன்று சாயங்காலமே ஓசூருக்கு பஸ் ஏறிவிட்டாய். பாதி வெட்டிய தலையோடு என் மகன் ஏழெட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போயிருக்கிறான் என்ற நினைப்பு, கடையில் ஒவ்வொரு தலை குனியும்போதும் எனக்கு வருகிறது.

ஆனால் அப்பு, நான் உன்னை அவமானப்படுத்தக் கத்தவில்லை. பயந்து கத்தினேன். அந்தப் பயம் அன்றைக்கு வந்ததும் இல்லை. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது முதன்முதலில் உன் பிடரி கறுத்தது. அம்மா அதை அழுக்கு என்றாள். பாசிப்பயறு மாவும் எலுமிச்சம்பழமும் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். "எரியுதும்மா" என்று நீ கத்தினால், "ஒழுங்காக் குளிச்சா எனக்கென்னடா வேலை?" என்று முதுகில் ஒன்று வைப்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தேய்த்துப் போகவில்லை என்றதும், கடையில் வைத்திருந்த பிளீச்சை உன் கழுத்தில் பூசியவன் நான்தான். பெரியவர்களுக்கே பத்து நிமிடத்துக்கு மேல் வைக்கக் கூடாததை, சீக்கிரம் வெளுக்கட்டும் என்று இருபது நிமிடம் வைத்தேன். தோல் கொப்பளித்து உரிந்தது. ஒரு வாரம் நீ கழுத்தில் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். கூடப் படித்தவர்கள் உன்னைக் 'கரிச்சட்டி' என்று கூப்பிட்டதை, பள்ளிக்கூட வாசலில் உன்னைக் கூட்டிவரப் போய் நின்றபோது என் காதாலேயே கேட்டேன். நீ என்னைப் பார்க்காததுபோல் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டாய். நானும் உன்னைப் பார்க்காததுபோல் வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். அதைப் பற்றி இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

சுந்தரம் வாத்தியாரை உனக்கு நினைவிருக்கும். வேடசந்தூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று கடையிலேயே உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்பார். அவருக்கும் இதே கறுப்பு இருந்தது, உன்னுடையதைவிட அதிகம். மாதம் ஒருமுறை முடி வெட்டி முடித்ததும், "கழுத்தையும் கொஞ்சம் கவனிச்சு விடுப்பா, சட்டைக் காலரெல்லாம் அழுக்காட்டம் தெரியுது" என்பார். நானும் பத்து வருடம் பிளீச் போட்டுக் கவனித்தேன். ஒரு தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போனார். வெறுங்காலில் ஒட்டன்சத்திரம் தாண்டும்போது பாதத்தில் கொப்பளம் வந்திருக்கிறது. வலி தெரியவில்லை என்பதால் நடந்துகொண்டே இருந்திருக்கிறார். திரும்பி வந்து காலைக் கழுவிப் பார்த்தபோது இரண்டு விரல் கருநீலமாக இருந்ததாம். அந்த இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். நாலு மாதம் கழித்து, மகன் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஆஸ்பத்திரில டாக்டரம்மா எங்காலைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கழுத்தைத்தான் பார்த்துச்சு. 'எம்புட்டு வருசமா இப்படிக் கறுத்திருக்கு? அப்பவே ரத்தத்தைச் சோதிச்சிருந்தா காலு வரைக்கும் வந்திருக்காதே'ன்னுச்சு. என் கழுத்தை நான் எங்கப்பா பார்த்தேன்? பார்த்தவன் நீதான்." அவர் என்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்கு என்னால் அவருக்குச் சவரம் செய்ய முடியவில்லை. கரண்டு போய்விட்டது, நாளைக்கு வாங்க என்று பொய் சொல்லி அவரை அனுப்பினேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

அப்போது நீ பிளஸ் டூ. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். நீ பனியனோடு தரையில் படுத்து எழுதிக்கொண்டிருந்தாய். உன் கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். தெரியாமல் பிளீச் போட்டது ஒரு தப்பு. தெரிந்த பிறகும் உன்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு சோதனை எடுக்காமல் இருந்தேனே, அதற்கு நான் என்ன பேர் வைக்க? அதன் பிறகு உன் கழுத்துக்குப் பிளீச் போடுவதை நிறுத்தினேன், அம்மாவையும் தேய்க்க விடவில்லை. ஏன் என்று உன்னிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. சோதனைச் சீட்டில் உன் பேரை எழுதிவிட்டால் நோய் வந்துவிடும், எழுதாவிட்டால் வராது என்பதுபோல் ஒரு முட்டாள்தனம் எனக்கு. சின்னப் பையன், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு மாதமும் உன் பிடரியில் மெஷின் போடும்போதும் சொல்லிக்கொண்டேன். நீ ஓசூருக்கு வேலைக்குப் போனாய். ஷிப்டு, கண்ட நேரத்தில் புரோட்டா, குடிதண்ணீர்போல் கலர் சோடா. ஒவ்வொரு தடவை வரும்போதும் பேண்டு இடுப்பு ஒரு சைஸ் கூடிக்கொண்டே போனது. "மாப்பிள்ளைக் களை வந்துருச்சு" என்று அம்மா திருஷ்டி கழித்தாள். நான் கழுத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை.

நீ போன மூன்றாம் நாள் கௌசல்யாவின் அப்பா போன் செய்தார். "சம்மந்தி, மாப்பிள்ளைக்குச் சின்ன வயசுலயே சுகர்னு ஒரு பேச்சு வந்துச்சு. செத்த நேரம் நேர்ல வந்துட்டுப் போங்க" என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அம்மாவிடம் சீப்பு, பவுடர் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். அதெல்லாம் சும்மா, பையனுக்கு ஒன்றும் இல்லை, அப்பன் கோபத்தில் வாய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கும்வரை முடிவு செய்திருந்தேன். அவர்கள் வீட்டில் உட்கார வைத்தார்கள். கௌசல்யாவே காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தேன். பாகு மாதிரி இனித்தது. விருந்தாளிக்கு இரண்டு கரண்டி சேர்த்துப் போடுகிற வழக்கம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். "என்ன மாமா, ஆறிப் போச்சா?" என்றாள் அந்தப் பிள்ளை. என்ன நினைத்தேனோ தெரியவில்லை, "சீனி ஆகாதும்மா எனக்கு. மூணு வருசமா சுகர். வீட்டுல யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம் அப்பு. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின்மேல், காசு காசாகப் பழுப்பு நிறத்தில் தழும்பு மாதிரி வந்தது. அரிக்காது, வலிக்காது. நாற்காலியின் கால்மிதியில் இடித்துக்கொள்வதால் வந்தது என்று விட்டுவிட்டேன். நம் தெருவில் இலவச முகாம் போட்டபோது பிரஷர் பார்க்கப் போய் நின்றேன். அங்கே இருந்த நர்ஸ் பிள்ளை கைலி ஓரத்தில் அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "ஐயா, விரலை நீட்டுங்க" என்றது. அன்றிலிருந்து மாத்திரை. கடையில் பிளேடு டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாய். சவரம் செய்கிறவனுக்குச் சர்க்கரை என்றால் கை நடுங்கும் என்று ஆட்கள் வேறு கடைக்குப் போய்விடுவார்களோ என்று ஒரு பயம். அப்பனுக்கு இருந்தால் மகனுக்கும் இருக்கும் என்று உனக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்களோ என்று இன்னொரு பயம். வீட்டில் அம்மா கொடுக்கிற காபியைச் சீனியோடுதான் குடித்தேன். சந்தேகம் வரக்கூடாதே.

இதையெல்லாம் அந்த வீட்டில் சொல்லி முடித்தேன். சுந்தரம் வாத்தியார் கதையையும் சொன்னேன். கௌசல்யாவின் அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் பிள்ளைதான் பேசியது. "அப்பா, நம்ம அம்மாவுக்குப் பன்னெண்டு வருசமா சுகர். அதுக்காக நீங்க விட்டுட்டா போயிட்டீங்க?" என்று அவரைக் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, கழுத்து கறுத்தவங்க எல்லாருக்கும் சுகர் வந்துறாது. அம்மாவைக் கூட்டிப் போறப்ப டாக்டர் சொல்லிக் கேட்டிருக்கேன். வரப்போகுதுன்னு ஒடம்பு சொல்ற மாதிரி. இப்பவே பார்த்து எடையைக் கொறைச்சா அந்தக் கறுப்பும் தன்னால மங்கிரும். அவருக்கு வியாதி இருந்தா எனக்குப் பயமில்ல மாமா. இருக்கான்னு பார்க்க மாட்டேன்னு ஓடுறாருல்ல, அதான் பயமா இருக்கு" என்றது. அப்புறம் அந்த இனிப்புக் காபியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், வேறு காபி போட்டுக் கொண்டுவந்தது. அவள் அப்பா அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார். "எல்லாருக்கும் பத்திரிகையைக் குடுங்க சம்மந்தி. ஆனா பையனைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். அவள் கிடைக்க நீ கொடுத்துவைத்தவன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். அவள் சொன்ன அந்தப் பயத்துக்கு நீ பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். அவள் உன்னிடம் இதைப் பேசினாளா, எனக்குத் தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். வெளியார் வீட்டில் சொன்னதை அவளிடம் சொல்லாமல் இருக்க முடியாது. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சீனி டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "மூணு வருசமா என் கையாலயே போட்டுக் குடுத்திருக்கேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். பிறகு, "பிள்ளை கழுத்தை அம்புட்டு தேய்ச்சேனேங்க. எரியுது எரியுதுன்னானே" என்று அழுதாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. உனக்கு இது தெரிய வேண்டாம் என்றாள். தெரியட்டும் என்று எழுதுகிறேன். நம் வீட்டில் ஆளாளுக்கு மறைத்தது போதும்.

உனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. நான் முடி வெட்டுகிறவன், டாக்டர் இல்லை. இல்லாமலே போகலாம். ஓசூரிலேயே ஒரு லேபுக்குப் போ. காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று மாதச் சராசரி என்று ஒன்று, இரண்டையும் பார்க்கச் சொல். தனியாகப் போக ஒரு மாதிரி இருந்தால் சொல், நான் பஸ் ஏறி வருகிறேன். உன் ரூமுக்கு வரவேண்டாம் என்றால் லேப் வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். வருகிற எண் எதுவாக இருந்தாலும் என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை, கௌசல்யாவிடம் சொல்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று அரை மணி நேரமாகப் பேனாவை மூடி மூடித் திறக்கிறேன். நேற்றுக் காலையில் டாக்டரிடம் போயிருந்தேன். மூன்று வருடமாக மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தவன், நேற்றுத்தான் முதன்முதலில் காலையும் பாருங்கள் என்று கேட்டேன். டாக்டர் என்னைப் படுக்க வைத்து, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நூலைக் கையில் எடுத்தார். "கண்ணை மூடிக்கங்க. இது பாதத்துல படும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். கண்ணை மூடினேன். இடது காலில் பட்டது, 'ம்' என்றேன். மறுபடி பட்டது, 'ம்' என்றேன். பிறகு ஒன்றையும் காணோம். போன் கீன் வந்து பேசப் போய்விட்டாரோ என்று நினைத்து, "வலது கால்ல எப்ப ஆரம்பிக்கப் போறீங்க டாக்டர்?" என்று கேட்டேன். கண்ணைத் திறந்தால் அவர் அந்த நூலை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். "எந்திரிங்க ஐயா. அந்தக் காலையும் தொட்டு முடிச்சுச் செத்த நேரமாச்சு" என்றார்.

நாள் முழுக்க நான் நிற்கிற கால் அது. அம்மாவிடம் நாளைக்கு அவள் வந்ததும் சொல்வேன். உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அப்பு. நாளைக்குச் சாப்பிடாமல் கிளம்பி அந்த லேபுக்குப் போ.

அப்பா